காக்கைக்கு முகம் தெரியும்

— ஹெல்மெட் எங்கேன்னு கேட்டா எங்கேன்னு சொல்லு, அதை விட்டுட்டு…

— குப்பை கொட்டப் போறவருக்கு ஹெல்மெட் எதுக்குன்னு நான் கேட்கக் கூடாதா, இந்த வீட்டுல எனக்கு அந்த…

— பதில் வராது. எதிர்க்கேள்வி மட்டும் வரிசை கட்டி வரும்.

— மூணு மாடி இறங்கி நாலடி நடக்கறதுக்கு ஹெல்மெட்! வண்டி எங்கேங்க? குப்பைக் கூடை மேல ஏறியா ஓட்டப் போறீங்க?

— இந்தா பாரு, உன் தம்பி ஃபேனைக் கழட்டிட்டு நிக்கிறான். அவன் முன்னாடி என் மானத்தை வாங்காதே.

— மாமா, என் காதுல எதுவும் விழலை. நான் ஸ்குரூவை மட்டும்தான் பார்த்துட்டு இருக்கேன்.

— விழட்டும்டா, நல்லா விழட்டும். ஒரு ஃபேனுக்குக் கண்டென்சர் மாத்தறதுக்கு உன்னை ஏன் பஸ் ஏறி வரச் சொன்னேன்? உங்க மாமா ஸ்டூல்ல ரெண்டாவது படி ஏறினா தலை சுத்தி உட்கார்ந்துடுவார். பரண் மேல ஏறறது, ஒட்டடை அடிக்கறது, மொட்டை மாடித் தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவறது, எல்லாம் நான்தான். கரண்ட் வேலை ஒண்ணுதான் எனக்கு வராது.

— எல்லாத்தையும் சொல்லிக்காட்டு.

— அவர் தைரியம் அவ்வளவுதான். இப்ப பத்து நாளா ஒரு காக்காவுக்குப் பயந்து குடித்தனம் நடத்தறார்.

— பயமா? யாருக்குப் பயம்? இது ஜாக்கிரதை.

— காக்காவா? எந்தக் காக்கா, அக்கா?

— கேட்டுக்குப் பக்கத்துல தூங்குமூஞ்சி மரம் இருக்கில்ல, அதுல ஒண்ணு. இந்தக் குடியிருப்புல இருபத்திநாலு வீடு. எல்லாரும் அந்த மரத்தடியிலதான் போறாங்க, வர்றாங்க. பால்காரர் போறார், தபால்காரர் போறார். யாரையும் ஒண்ணும் பண்றதில்ல. உங்க மாமா கால் வெச்சா மட்டும் ‘கா’ன்னு ஒரு சத்தம். அப்புறம் பின்மண்டையில ஒரு ‘டொக்’.

— மாமா, நிஜமாவா?

— இந்தா பாரு மாப்ளே, இதை விஞ்ஞானப்படி பார்க்கணும். வெளியே வெயிலைப் பார்த்தியா? தார் ரோட்டுல செருப்பு ஒட்டிக்கிட்டு, கால் மட்டும் தனியா வருது. நாயெல்லாம் கார் அடியில போய்ப் படுத்தா ஹாரன் அடிச்சாலும் எழுந்திருக்கறதில்ல. ஏசியிலருந்து சொட்டற தண்ணிக்கு அணிலும் மைனாவும் வரிசையில நிக்குது. இந்தச் சூட்டுல ஒரு பறவைக்கு மூளை கலங்கறது சகஜம்.

— கலங்கின மூளை, இருபத்திநாலு வீட்டுல உங்க மண்டையை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுக்குது?

— வழுக்கை. வெயில்ல மினுங்குது. அதோட கவனத்தை இழுக்குது.

— அடேங்கப்பா! அஞ்சாம் மாடி வக்கீலுக்கு உங்களைவிடப் பெரிய வழுக்கை. அவர் அதே மரத்தடியில நின்னு அரை மணி நேரம் ஃபோன் பேசறார். காக்கா அவர் பேசறதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கு. நானும்தான் தினம் காய் வாங்கப் போறேன். குடையை விரிச்சா ராணி மாதிரி நடை. ஒரு இறகு என்மேல பட்டிருக்கா?

— குடையை விரிச்சா.

— வெயிலுக்குத்தான்.

— ஆமா, ஆமா. வெயிலுக்குத்தான்.

— சரிக்கா, மாமா மேல அதுக்கு அப்படி என்ன கோபம்?

— கேளு. அதைத்தான் மொத்தக் குடியிருப்பும் கேட்குது.

— ஒண்ணுமில்ல மாப்ளே. போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, யாரோ அந்த மரத்துல ஒரு கிளையை வெட்டிட்டாங்க.

— யாரோ.

— யாரோதான். மத்தியானம் ரெண்டு மணி. எல்லாரும் ஜன்னலைச் சாத்திட்டு, ஏசியைப் போட்டுட்டு, செத்த பிணமாத் தூங்கற நேரம். கிளை கீழ் வீட்டு டீச்சர் கார் மேல விழுந்து முன்கண்ணாடி போச்சு. கிளையில ஒரு கூடு இருந்திருக்கு. அதுவும் போச்சு.

— நிழலும் போச்சு, அதையும் சொல்லுங்க. பதினோரு ஸ்கூட்டர் நின்ன நிழல்டா. இப்ப எல்லாரும் மணிக்கு ஒரு தடவை இறங்கி, மிச்சமிருக்கற நிழல் எங்க நகருதோ அங்க வண்டியை உருட்டிட்டுப் போறாங்க. உருட்டாதவன் சாயந்திரம் சீட்டுல உட்கார்ந்த வேகத்துல எழுந்து நின்னு ஓட்டறான்.

— குடியிருப்புச் சங்கச் செயலாளர்ங்கற முறையில நான் உடனே விசாரணை வெச்சேன்.

— வெச்சாரு! ரம்பம் காவலாளி அறையில இருந்துச்சாம். அதனால வெட்டினது காவலாளியாம். விசாரணை காலையில, தீர்ப்பு மத்தியானம். நடுவுல ஒரு தூக்கம் வேற.

— அவர் என்ன சொன்னாரு?

— ‘ஐயா, அந்த நேரம் நீங்கதானே என்னைத் தண்ணி லாரிக்காரனைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினீங்க’ன்னாரு.

— லாரி வந்துச்சா?

— எப்படி வரும்? ஞாயித்துக்கிழமை லாரி ஓடாதுன்னு இந்தக் கட்டடத்துல பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும்.

— எனக்கு மறந்துபோச்சு.

— இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம். அந்த மனுஷனை வேலையை விட்டு அனுப்பறதுக்குக் கையெழுத்து வாங்கப் போறார் உங்க மாமா. ஒன்பது வருஷமா கேட்டுல நிக்கிற மனுஷன். அவரும் பொண்டாட்டியும் இருக்கறதே கேட்டுப் பக்கத்து அறையிலதான். வேலை போனா கூரையும் போச்சு. இந்த வெயில்ல எங்கே போவாங்க?

— நீ ஒருத்திதான் இந்தக் கட்டடத்துல இரக்கம் உள்ளவ.

— இருக்கறதாலதான் பேசறேன்.

— அப்போ ஹெல்மெட் கூட்டத்துக்கா, குப்பைக்கா?

— கூட்டமே மரத்தடியிலதான்டா! உங்க மாமா ஒட்டின நோட்டீஸ்ல ‘மொட்டை மாடி’ன்னு இருந்தது. இந்த வெயில்ல மொட்டை மாடியில கால் வெச்சா கொப்புளம்தான் மிச்சம். டீச்சர் அதைச் சிவப்பு மையால அடிச்சு ‘மரத்தடி’ன்னு எழுதிட்டாங்க. அடிச்சதோட விட்டாங்களா? ‘செயலாளரும் நிக்கட்டும், காவலாளியும் நிக்கட்டும், மத்ததைக் காக்கா பார்த்துக்கும்’னு படிக்கட்டுல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க.

— அதனாலதான் மாப்ளே, கூட்டத்துக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணணும்ங்கறேன். முப்பது வருஷம் கடை கடையா ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிச்சவன் நான். சோதிக்காம எதையும் நம்பமாட்டேன். என் கணக்குப்படி அந்தக் காக்காவுக்குப் பிடிக்காதது என் முகம் இல்ல. இந்த நீலச் சட்டை.

— சட்டையா!

— நீ ஸ்டூலை விட்டு இறங்கு. என் சட்டையைப் போட்டுக்கோ, தொப்பியை வெச்சுக்கோ, குப்பையை எடுத்துட்டுப் போ. உன்னைக் கொத்தினா, குத்தம் சட்டை மேல. இதை நான் கூட்டத்துல எல்லாருக்கும் நிரூபிச்சுக் காட்டுவேன்.

— மாமா, தப்பா நினைக்காதீங்க. நான் ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தேன்.

— அட, போயிட்டு வாடா. அவர் மாதிரியே நடக்கணும், தெரியுதா? கையைப் பின்னாடி கட்டிக்கோ. யார் வீட்டுச் செருப்பு வழியில கிடக்கு, எந்த வீட்டுத் துணி கொடியைத் தாண்டித் தொங்குதுன்னு மூஞ்சியைத் தூக்கிப் பார்த்துட்டே போ.

— சரி, அந்தக் குடையையாவது குடுக்கா. வெயில் மண்டையைப் பொளக்குது.

— குடையைத் தொடாதே!

— ஏன், என்ன ஆச்சு?

— அது… கம்பி சரியில்ல. தொப்பி இருக்கில்ல, கிளம்பு.

— கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன். மாமா, சட்டை கிழிஞ்சா எங்கிட்ட கேட்கக் கூடாது.

— கதவைச் சாத்திட்டுப் போ, அனல் உள்ளே வருது! இந்தா பாரு, ஜன்னல்கிட்ட வா. ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தாத்தான் சாட்சி.

— எனக்கு இந்தத் திரைக்குப் பின்னாடி இருந்தே நல்லாத் தெரியுது. நீங்க பாருங்க.

— கீழே வந்துட்டான். என் சட்டை. என் தொப்பி. நடையைப் பாரு, அப்படியே நான்.

— ஆமா, அதே அலட்டல். காக்கா எங்கே?

— மதில் மேல. வாயைப் பொளந்துட்டு உட்கார்ந்திருக்கு. அவனையே பார்க்குது… கிளம்பிடுச்சு! பறக்குது! பார்த்தியா, சட்டைன்னு நான் அப்பவே…

— தண்ணி குடிக்கப் போகுதுங்க. ரெண்டாம் மாடி ஏசிக்கு.

— இரு, அதையும் பார்க்கறேன்.

— குடிச்சாச்சா?

— குடிக்குது. அவன் தலைக்கு நேர் மேல உட்கார்ந்து, சாவகாசமா.

— அப்போ சட்டை நிரபராதி.

— இந்தா பாரு, அவன் மேல வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்கறேன். இப்படி அவன் முன்னாடி வெச்சு என்னைக் குத்திக் குத்திக் காட்டறியே, உனக்கே இது நியாயமாப் படுதா?

— நேத்து காவலாளி பொண்டாட்டி இங்க வந்து, நீங்க உட்கார்ந்திருக்கற அதே இடத்துல உட்கார்ந்து அழுதா. எனக்கு ராத்திரி சோறு இறங்கலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— நான் சொன்னாப் போதும்.

— செயலாளர் நீங்கதானே? மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்க. அதிகம் போனா பதவி போகும். போகட்டுமே. சம்பளமா தர்றாங்க?

— என் ஒரு வார்த்தை போதும். வேற யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அப்படித்தானே?

— வேற யார் என்ன சொல்லணும்? கதவைத் திறங்க, அவன் வந்துட்டான்.

— மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்க சட்டை ஒரு கீறல் இல்லாமத் திரும்பி வந்திருக்கு. போகும்போது கண்டுக்கலை, வரும்போது காக்கா என்னைப் பார்த்துத் தலையைக்கூடச் சாய்ச்சுது.

— நலம் விசாரிச்சிருக்கும்.

— அதைவிடு அக்கா, காவலாளியைப் பார்க்கணும் நீ! அட்டைப்பெட்டியில ஒரு குஞ்சு வெச்சிருக்காரு. கூட்டோட விழுந்ததாம். பிஸ்கட்டைத் தண்ணியில நனைச்சு ஊட்டறாரு. அந்தக் காக்கா அவர் முழங்கால் பக்கத்துல வந்து நின்னு, சரியா ஊட்டறாரான்னு மேற்பார்வை பார்க்குது.

— வாயில சிவப்பாத் தெரிஞ்சுதா?

— என்னது?

— குஞ்சுக்கு மாப்ளே, வாய்க்குள்ள. இறக்கையில வெள்ளைப் புள்ளி இருந்துதா?

— புள்ளி இருந்துது மாமா.

— அப்போ அது காக்கா குஞ்சே இல்ல, குயில் குஞ்சு! குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது. காக்கா கூட்டுல முட்டையைப் போட்டுட்டு, பக்கத்து மரத்துல உட்கார்ந்து பாடிட்டிருக்கும். விஞ்ஞானப்படி பார்த்தா, அந்தக் காக்காவுக்குக் கோபப்படவே உரிமை இல்ல.

— நல்லாச் சொன்னீங்க. இறங்கிப் போய் இதை அதுகிட்டயே சொல்லுங்க. ‘அம்மா, இது உன் பிள்ளை இல்ல, நீ வளர்த்தது வீண், என் மண்டையை விடு’ன்னு. பிறப்புச் சான்றிதழ் கேட்டாலும் கேட்கும்.

— கூட்டையும் எடுத்து வெச்சிருக்காருக்கா. கூடுன்னுதான் பேரு, பாதி இரும்புக்கடை. ஒயர், கட்டுக்கம்பி, அப்புறம் துணி மாட்டற ஹேங்கர். ஒன்பது எண்ணினேன். எல்லாத்துலயும் கழுத்துல சிவப்பு நூல் கட்டியிருக்கு. உன் கொடியில தொங்கறதுலயும் இதே மாதிரி சிவப்பு நூல்தானே கட்டியிருக்கே?

— உலகத்துல சிவப்பு நூலுக்குப் பஞ்சமா? யார் வேணா கட்டலாம்.

— ரெண்டு மாசமா ஹேங்கர் காணோம், ஹேங்கர் காணோம்னு வீடே…

— இப்ப ஹேங்கரா முக்கியம்? மணி நாலே கால் ஆச்சு. சட்டை இல்லைன்னு ஆயிடுச்சு. அடுத்து என்ன பண்ணப் போறீங்க, அதைப் பாருங்க.

— ரெண்டாவது சோதனை. மாப்ளே, உன் சட்டையைக் கொடு. நான் ஹெல்மெட் போட்டுட்டு, கண்ணாடியை முழுசா இறக்கி விட்டுட்டுப் போறேன். நேத்து பாதி வழியில மூச்சு முட்டித் திறந்துட்டேன், அப்பத்தான் கொத்துச்சு. இன்னைக்குத் திறக்காமப் போய்ப் பார்க்கறேன். எங்கே அந்த ஹெல்மெட்?

— அரிசி டப்பா மேல. எடுத்துட்டுப் போங்க. தீயணைக்கப் போறவர் மாதிரி இருக்கு.

— அக்கா, மாமா இறங்கறதுக்குள்ள சொல்லு. உண்மையில வெட்டினது இவர்தானா?

— நான் என் வாயால எதுக்குடா சொல்லணும்? கட்டின புருஷன். உனக்கே புரியணும்.

— புரியுது. அதோ, வந்துட்டாரு! யப்பா, நிலாவுல நடக்கற மாதிரி நடக்கறாரு. அக்கா, இங்க வாயேன், திரைக்குப் பின்னாடி ஏன் ஒளிஞ்சு நிக்கிறே?

— எனக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுது. நீ சொல்லு.

— மரத்தடிக்கு வந்துட்டாரு. காக்கா மேல இருக்கு. பார்க்குது. ஒண்ணும் பண்ணலையே! கீழேயே நிக்கிறாரு. குனியறாரு. நிமிர்றாரு. இடுப்புல கை வெச்சுட்டு அதையே முறைக்கிறாரு. ஒண்ணுமே பண்ணலை அக்கா!

— பண்ணாது. முகம் தெரிஞ்சாத்தானே.

— ஐயோ, மூச்சு முட்டுது போல. கண்ணாடியைத் தூக்கறாரு… மாமா, வேண்டாம்! வேண்டாம்!

— கொத்திடுச்சா?

— மூக்கு மேல போகுது! கேட்டைச் சுத்தி ஓடறாரு. டீச்சர் ஜன்னலைத் திறந்து பார்க்கறாங்க. வக்கீல் கைதட்டறார். காவலாளி பாவம், துண்டை வீசி விரட்டறாரு. யாரைக் காப்பாத்தறோம்னு யோசிக்காமயே காப்பாத்தறாரு மனுஷன்.

— காப்பாத்தட்டும், காப்பாத்தட்டும்.

— அக்கா, அது இங்க பார்க்குது.

— எது?

— காக்கா. மாமாவை விட்டுட்டு, நேரா நம்ம ஜன்னலைப் பார்க்குது. இப்படித்தான் வருது…

— சாத்து! ஜன்னலைச் சாத்துடா! கொக்கியைப் போடு!

— போட்டாச்சு. ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

— ஃபேன் இல்லாம வேர்க்காம என்ன பண்ணும்? போய்க் கதவைத் திற, உங்க மாமா வர்ற சத்தம் கேட்குது.

— தண்ணி. முதல்ல தண்ணி கொடு. ரெண்டு சொம்பு.

— இந்தாங்க. மூக்குல லேசான கீறல்தான். முடிவு என்ன ஆச்சு, பரிசோதகர் ஐயா?

— சட்டை இல்ல. வழுக்கை இல்ல. வெயிலும் இல்ல. முகம். யாரு, என்ன பண்ணினாங்கன்னு அதுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முகத்தை மறைச்சா விட்டுடுது. காட்டினா விடாது. இவ்வளவு சரியான தராசை நான் முப்பது வருஷத்துல ஒரு கடையிலயும் பார்த்ததில்ல.

— அப்போ இன்னும் என்ன மென்னு முழுங்கறீங்க? ஒத்துக்குங்க.

— துண்டை வீசி விரட்டினான், பார்த்தியா? ‘ஐயா, கண்ணை மூடிக்குங்க, நான் பார்த்துக்கறேன்’ங்கறான். அஞ்சு மணிக்கு அவனைத்தான் நான் வெளியே தள்ளப் போறேன்.

— அதைத்தானே நான் பத்து நாளாச் சொல்றேன்.

— சரி. சொல்லிடறேன். கூட்டத்துல, எல்லார் முன்னாடியும்.

— என்னன்னு சொல்வீங்க?

— உள்ளதைச் சொல்வேன்.

— உள்ளதுன்னா நீட்டி முழக்க வேண்டாம். ‘நான்தான் வெட்டினேன், தெரியாமப் பண்ணிட்டேன், காவலாளி மேல தப்பு இல்ல’. இந்த மூணு போதும். நாலாவதா ஒண்ணு சேர்த்து உளறி வைக்காதீங்க.

— மூணு போதும்ங்கறே.

— எதுக்குக் கதை வளர்க்கணும்? டேய், நீயே சொல்லு. மனுஷன் தப்பை ஒத்துக்கறதுதானே பெருந்தன்மை?

— பெருந்தன்மைதான் அக்கா. ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. மாமா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கிளை விழுந்த இடத்தைப் பார்த்தேன். வெட்டின தழும்பு ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல இருக்கு. ஏணி போட்டாத்தான் எட்டும்.

— ஏணி போட்டிருப்பார்.

— ஸ்டூல்ல ரெண்டாவது படியிலேயே தலை சுத்தும்னு இப்பத்தானே நீ சொன்னே? அவர் எப்படி அங்கே ஏறி, ஒரு கையால ரம்பத்தைப் பிடிச்சு…

— டேய், உன்னை ஃபேன் மாட்டத்தானே கூப்பிட்டேன்? மணி நாலேமுக்கால், எல்லாரும் கீழே நாற்காலி போட்டுட்டிருக்காங்க. ஏங்க, எழுந்திருங்க, முகத்தைக் கழுவிட்டுக் கிளம்புங்க.

— நீ வரலையா?

— வராம? நீங்க தப்பை ஒத்துக்கும்போது பக்கத்துல பொண்டாட்டி நிக்கணும், அப்பத்தான் நல்லாயிருக்கும். இருங்க, செருப்பு போட்டுக்கறேன். அந்தக் குடையை எடுடா.

— அக்கா, வெயில் இறங்கி மேகம் கட்டிடுச்சே, குடை எதுக்கு? ஆமா, இது என்ன, துணியெல்லாம் நாலு இடத்துல குத்திக் கிழிஞ்சு கிடக்கு?

— கொடு இங்கே! பழைய குடை, அப்படித்தான் இருக்கும். வாங்க போகலாம்.

— போகலாம் வா. நான் அந்த மூணையும் சொல்றேன், நாலாவதா ஒண்ணும் சொல்லலை. ஆனா குடையை மட்டும் இங்கேயே வெச்சிட்டு வா; கீழே நின்னு ஏணியைப் பிடிச்சவனுக்கே இந்தக் கொத்துன்னா, மேல ஏறி வெட்டினவளை அந்தக் காக்கா பத்து நாளா எப்படித் தேடிட்டிருக்கும்!